நான்கு மேற்படி

சல்லடையிடமிருந்து வந்த கடிதத்தில் கோபம் எதுவும் இல்லை. ‘மதிப்பிற்குரிய பேராசிரியர் ஜெசிந்தா அவர்களுக்கு’ என்று ஆரம்பித்து ‘தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி’ என்று முடிந்திருந்தது. நடுவில் ஒரே ஒரு கேள்வி. இருபத்துநான்கு வருஷங்களுக்கு முன்பு, முனைவர் பட்ட ஆய்வுக்காகக் காரையடி என்ற மலைக்குடியிருப்பில் நான்கு நோயாளிகளை, மருந்து தொடங்கிய பன்னிரண்டாம் வாரத்தில் பரிசோதித்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வாரம் முழுவதும் மண்சரிவால் மலைப்பாதை அடைபட்டிருந்ததாகச் சாலைப் பதிவேடு சொல்கிறது. எப்படிப் போனீர்கள்? பத்து நாட்களுக்குள் விளக்கம் தரவும்.

போகவில்லை. அதுதான் விளக்கம்.

சல்லடை என்பது பத்திரிகைக்காரர்கள் வைத்த பெயர். உலகத்தில் எழுதப்பட்ட ஆராய்ச்சிக் கட்டுரைகள் அத்தனையையும், அவற்றுக்கு ஆதாரமாகக் கைப்பட எழுதிய படிவங்கள் முதற்கொண்டு, அலுப்பில்லாமல் வாசித்துக்கொண்டே இருக்கும் ஓர் இயந்திரம். ஒரு கட்டுரை பொய் என்று தெரிந்தால் அதைத் தள்ளிவிடும். அதன்மேல் நிற்கிற கட்டுரைகளையும் தள்ளிவிடும். அதன்மேல் ஒரு மருந்து நின்றால், மறுநாள் காலை அந்த மருந்து எந்தக் கடையிலும் இருக்காது. யாரும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. இயற்பியல் துறைத் தலைவர் மாட்டிக்கொண்டபோதும், வரலாற்றுத் துறையில் ஒருவர் பார்க்காத கல்வெட்டைப் பார்த்ததாக எழுதி அகப்பட்டபோதும், கேன்டீனில் நாலு பேரோடு சேர்ந்து ஜெசிந்தாவும் சிரித்தவள்தான். அப்போது இது நல்ல இயந்திரமாக இருந்தது.

அவள் கட்டுரைமேல் நிற்கிற மருந்தின் பெயர் சுவாசினி. தளர்மூச்சு என்ற நோய்க்கு உலகத்தில் இருக்கிற ஒரே மாத்திரை. நெஞ்சை ஏற்றி இறக்கும் நரம்புகள் கொஞ்சம் கொஞ்சமாகச் சோர்ந்து, ஒருநாள் மூச்சு நின்றுவிடும் நோய் அது. நாட்டில் நாற்பதாயிரம் பேர் தினமும் இரண்டு வேளை சுவாசினி போடுகிறார்கள். அதில் ஒருவர் அவள் கணவர் அருமைநாயகம்.

காரையடிக்குப் போகாதது ஒன்றும் பெரிய கதை இல்லை. ஐப்பசி மழை. பேருந்து அடிவாரத்தோடு நின்றுவிட்டது. இருபது பேருக்குச் சமவெளியில் பரிசோதனை முடிந்திருந்தது, மேலே இருந்த நான்கு பேர்தான் பாக்கி. திரும்பி வந்து ஆய்வு வழிகாட்டியிடம் சொன்னாள். அவர் படிவத்தைப் பார்த்தார். எட்டாம் வாரத்தில் நான்கு பேரும் நன்றாகத் தேறியிருந்தார்கள். “இருபது பேரை வச்சு ஒண்ணும் நிரூபிக்க முடியாதும்மா. இருபத்துநாலு வேணும். நாலு வாரத்துல என்ன மாறியிருக்கப் போவுது? மேற்படின்னு போடு” என்றார். அலுவலகங்களில், ரேஷன் கடையில், பள்ளிக்கூடப் பதிவேட்டில், எங்கும் எழுதுகிற வார்த்தைதான். மேலே உள்ளது எதுவோ அதுவே கீழேயும். நான்கு கட்டத்திலும் மேற்படி, மேற்படி, மேற்படி, மேற்படி என்று போட்டாள். வழிகாட்டி செத்துப்போய்ப் பத்து வருஷமாகிறது. துறையின் சுவரில் மாலையோடு சிரித்துக்கொண்டிருக்கிறார்.

அதற்குப் பிறகு யாராவது சரிபார்த்திருக்கலாம். ஆனால் மருந்து வேலை செய்கிறது என்று ஆனபின், சோதனைக்காகச் சிலருக்கு மட்டும் கொடுக்காமல் வைத்துப் பார்ப்பது பாவம் என்று ஆராய்ச்சி நெறிக்குழு சொல்லிவிட்டது. நியாயம்தான். ஆகவே அத்தனை ஆராய்ச்சியும் அவளுடைய இருபத்துநாலு பேர் தலையில்தான் ஏறி உட்கார்ந்தது.

கடிதம் வந்ததை அவள் வீட்டில் சொல்லவில்லை. அருமைநாயகம் ஒரு காலத்தில் கோயிலில் பாட்டுக்குழுவை நடத்தியவர். அவர் எடுத்துக் கொடுத்தால் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கும். இப்போது தினமும் காலையில் போனுக்கு முன்னால் உட்கார்ந்து, “என் பேரு அருமைநாயகம், சொந்த ஊரு நாசரேத்து” என்று கரகரத்த குரலில் சொல்வார். குரல்மானி என்ற அந்தச் செயலி இரண்டு வருஷமாகத்தான் வந்திருக்கிறது. குரலைக் கேட்டே நெஞ்சு நரம்பின் பலத்தை நூற்றுக்கு இவ்வளவு என்று சொல்லும். நாற்பதுக்குக் கீழே இறங்கினால் மருத்துவமனைக்கு மணியடிக்கும். அவருக்கு ஐம்பத்தேழு, அறுபது என்று ஓடிக்கொண்டிருந்தது. “பாஸ் மார்க் வாங்கிட்டேன் ஜெசி” என்பார் தினமும்.

எட்டு நாள் அவள் நாயாக அலைந்தாள். நடந்தே மலையேறினேன் என்று எழுதலாமா என்று யோசித்தாள். சல்லடை அந்த நாளின் போன் கோபுரப் பதிவைக் கேட்கும். நான்கு பேரையும் தேடிப் பிடிக்கலாமா என்று பார்த்தாள். காரையடித் தேயிலை எஸ்டேட் மூடிப் பதினெட்டு வருஷம், ஆட்கள் திசைக்கொன்றாகச் சிதறியாயிற்று. ஒன்பதாம் நாள் காலை பல் தேய்க்கும்போதுதான் மரவள்ளிக் கிழங்கு ஞாபகம் வந்தது.

தமிழ்த்துறைப் பேராசிரியர் உச்சிமாகாளி கேன்டீனில் மரவள்ளிக் கிழங்கு போடும்போதெல்லாம் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுச் சொல்லும் கதை ஒன்று உண்டு. ஆராய்ச்சி மாணவராக மலையில் பேச்சு வழக்குகளைப் பதிவு செய்யப் போய், மண்சரிவில் மாட்டிக்கொண்டு, ஒன்பது நாள் அந்தக் கிழங்கையே தின்ற கதை. அது எந்த ஊர் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

மதியம் அவர் அறைக்குப் போனாள். “வாங்க டாக்டரம்மா. எங்க டிபார்ட்மென்ட்டுல ஃபேன் சுத்துதான்னு பாக்க வந்தியளா?” என்றார் மாகாளி.

“அண்ணாச்சி, நீங்க மழையில மாட்டுனிய இல்ல. அது எந்த ஊரு?”

“காரையடி. ஏன்?”

ஜெசிந்தா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். “அங்க ரிக்கார்ட் பண்ணியளா?”

“பின்ன? அங்க வேற என்ன சோலி? குடியிருப்புல ஒருத்தர் விடாம பேச வச்சு எடுத்தேன். அறுபது மணி நேரம் இருக்கு. என் தீசிஸே அதான.”

இருபத்துநான்கு வருஷத்தில் முதல்முறையாக அவள் அந்த நான்கு மேற்படியைப் பற்றி இன்னொரு மனுஷரிடம் சொன்னாள். மாகாளி சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

“அதுக்கு எங்கிட்ட என்ன இருக்கு?”

“குரல் இருக்கு. குரல் இருந்தா அளவு இருக்கு. அந்த வாரத்துல பதிவான எதுவும் ஆதாரம்தான்னு சல்லடையோட விதியிலயே இருக்கு அண்ணாச்சி. அந்த நாலு பேரும் அன்னைக்கு நல்லா இருந்தாவன்னு உங்க டேப்பு சொன்னாப் போதும். எங்க வீட்டுல அவிய பொழச்சிக்கிடுவாவ.”

“பேரச் சொல்லுங்க. எனக்குப் பேரு ஞாபகம் இருக்காது, நம்பர்தான். கார்டைப் பாத்து எடுக்கேன்.”

தகர டிராயரிலிருந்து பழுப்பேறிய அட்டைகள் வந்தன. பேசுநர் இரண்டு, பொன்னுருவி, வயது நாற்பது, கொழுந்து பறித்தல். கணினியில் அவள் குரல் கிளம்பியது. மாகாளியின் இளவயதுக் குரல் கேள்வி கேட்க, பொன்னுருவி கஞ்சி காய்ச்சுவதைப் பற்றிச் சளசளவென்று பேசினாள். ஜெசிந்தா போனைப் பக்கத்தில் வைத்தாள். குரல்மானி அறுபத்தொன்று என்றது. அடுத்தது தவசிக்கண்ணு, அறுபத்தாறு. மாடத்தி, அறுபத்துமூன்று. ஜெசிந்தா மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். பொய்யாக எழுதியது நிஜமாகவே நடந்திருக்கிறது. கடவுள் இப்படியும் மன்னிப்பார் போலிருக்கிறது என்று நினைத்தாள்.

நான்காவது வேலாண்டி, பேசுநர் ஏழு. மாகாளி போய்ச் சேர்ந்த முதல் நாள் அறுபத்திரண்டு. மூன்றாம் நாள் அறுபத்துநாலு. ஆறாம் நாள் பதிவை ஓட்டியதும் இருவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். காட்டுப்பன்றி தோட்டத்துக்குள் வந்த கதையை அந்த மனுஷர் கணீரென்று சொன்னார். ஒரு பிசிறு இல்லை. தொண்ணூற்றிரண்டு.

“பாத்தியளா, எப்படித் தேறியிருக்காரு” என்றாள் ஜெசிந்தா. சிரிப்பும் கண்ணீருமாக இருந்தது அவள் முகம். “பன்னெண்டாம் வாரம் சரியா முடியுறது உங்க கணக்குல எட்டாம் நாளு. அதையும் போட்டுருவோம், ஒரு சந்தேகமும் வராது.”

மாகாளி அட்டையைப் புரட்டினார். “எட்டாம் நாளு பேசுநர் ஏழு இல்ல. பேசுநர் எட்டுதான் பேசியிருக்கு. செம்பகம். அவரு பொஞ்சாதி” என்றார். பிறகு ஏதோ நினைவு வந்தவர்போல மெதுவாக அந்தப் பதிவை ஓட்டினார்.

வெளியே மழைச் சத்தம். ஒரு பெண் குரல், அவசரமில்லாமல் பேசியது. “முந்தாநேத்து நல்லா இருந்தாவ. இம்புட்டு நாள் இல்லாத சத்தம், கணீர்னு பேசுனாவ. சோறு ரெண்டாவது மட்டம் கேட்டாவ. நானும் சந்தோசப்பட்டேன். நேத்து மத்தியானம் செத்த நேரம் படுக்கேன்னு படுத்தாவ. மூச்ச விட்டாவ, வாங்கல. அவ்வளவுதான் சார். அந்த மாத்திரைப் பிள்ளகிட்டச் சொல்லணும். நல்ல பிள்ள, நடந்து வரும். பாதை அடைச்சுக் கெடக்கு. வந்தா சொல்லணும்.”

பதிவு முடிந்ததும் மாகாளி கணினியை நிறுத்தினார்.

“அந்த அடக்கத்துக்கு நான் மண்ணு போட்டேன்” என்றார். “ஒரு ஆளு செத்தாருன்னு ஞாபகம் இருக்கு. அவருதான் ஏழுன்னு மறந்துபோச்சு. உங்க நோயாளின்னு எனக்கு யாரு சொன்னா?” எழுந்துபோய் அலமாரியிலிருந்து தன் ஆய்வேட்டை எடுத்து வந்தார். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். காரையடிப் பேச்சில் சொற்கள் எப்படிக் குறுகி ஒலிக்கின்றன என்பதற்கு எடுத்துக்காட்டாக அந்த வரி அச்சாகியிருந்தது. மூச்ச விட்டாவ, வாங்கல. “அவ என்ன சொல்லுதான்னு நான் கேக்கல தாயி. எப்படிச் சொல்லுதான்னுதான் கேட்டேன். இதுக்கு எனக்குப் பாராட்டுக்கூட வந்தது.”

அந்த ஆய்வேட்டின் பிரதி பல்கலைக்கழக நூலகத்தில் இருந்தது. ஜெசிந்தாவின் ஆய்வேட்டுக்கு இரண்டு மாடி மேலே.

அன்று பாதை திறந்த பிறகும் ஜெசிந்தா காரையடிக்குப் போகவில்லை. கட்டம் நிரம்பிவிட்டதே, எதற்குப் போக வேண்டும்?

மாகாளிதான் முதலில் பேசினார். “ஆறாம் நாளு டேப்பு போதும்லா? முன்னப்பின்ன ரெண்டு நாளு சல்லடை ஒத்துக்கிடும். செம்பகத்த விட்டுருவோம். நோயாளி ஒருத்தரு செத்தா நோயில செத்தாருன்னுதான் அர்த்தம். நாப்பதாயிரம் பேரு மூச்சு விடணும். நான் வாயத் தொறக்க மாட்டேன்.”

அவளுக்கும் அதுதான் சரி என்று பட்டது. அப்படித்தான் பட்டது, மறைப்பானேன்? நான்கு எண்களையும் பதில் படிவத்தில் அடித்தாள். அறுபத்தொன்று, அறுபத்தாறு, அறுபத்துமூன்று, தொண்ணூற்றிரண்டு. அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. மணி நாலாக ஐந்து நிமிஷம் இருந்தது.

போன் அடித்தது. எடுத்தால் பேச்சில்லை, பாட்டு. பண்டிகைக்குப் பாடும் பழைய ஆராதனைப் பாட்டு. ஒரு பிசிறு இல்லாமல், கீழ் ஸ்தாயியில், கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கிற குரல். ஐந்து வருஷமாக அவள் கேட்காத குரல்.

“யாருன்னு தெரியுதா?” என்றார் அருமைநாயகம். “காலையிலயே தொண்டை தொறந்த மாதிரி இருந்தது. இப்பதான் மெஷின்ல பேசிப் பாத்தேன். தொண்ணூத்திமூணு ஜெசி. டிஸ்டிங்ஷன். பசி வேற காந்துது. ராத்திரிக்கு மீன் வாங்கிட்டு வா. நாலு மணி மாத்திரை போட்டுட்டு இன்னொரு பாட்டு பாடுதேன், கேக்கியா?”

குரல் இறங்கினால்தான் மணியடிக்கிறது அந்தச் செயலி. ஏறினால் யார் விசாரிக்கிறார்கள்? நல்லது நடந்தால் எந்த ஆஸ்பத்திரியும் போன் செய்வதில்லை. தளர்மூச்சுக்காரர்கள் செத்தால் நோயால் செத்தார்கள் என்று எழுதுகிறார்கள். காகிதத்தில், அவள் ஆய்வில் யாரும் செத்ததே இல்லையே.

“மாத்திரையப் போடாதீங்க.”

“என்னது?”

“கையில இருந்தா கீழ போடுங்க. போடாதீங்க.”

“விட்டா மூணு வாரம் தாங்காதுன்னு நீதான சொல்லுவ.” அவர் குரல் இன்னும் பாட்டுபோலத்தான் இருந்தது. “காரணம் சொல்லு.”

குரலை ஏற்றிவிட்டு மூச்சை நிறுத்துவது இந்த மாத்திரைதான் என்று தான் நினைப்பது தப்பாக இருந்தால், நன்றாக இருக்கிற மனுஷரைத் தன் வாயாலேயே கொல்கிறாள். சரியாக இருந்தால், இருபத்துநாலு வருஷமாகக் கொன்றுகொண்டிருக்கிறாள்.

“இந்த மாத்திரையப் பத்தி நான் பொய் எழுதியிருக்கேன்” என்றாள்.

மறுமுனையில் அவர் மூச்சு சீராகக் கேட்டது, அந்தச் சீர்தான் அவளைப் பயமுறுத்தியது. பிறகு எவர்சில்வர் டம்ளருக்குள் ஏதோ சின்னதாக விழுகிற சத்தம் கேட்டது.

“போட்டுட்டேன், டம்ளருக்குள்ள. வீட்டுக்கு வா” என்றார்.

அவள் வார்டுப் பதிவைத் திறந்தாள். போன வருஷம் பல்கலைக்கழக மருத்துவமனையில் இறந்த தளர்மூச்சுக்காரர்கள் பதினொரு பேர். கடைசி இரண்டு நாளின் குரல் எண்களைத் தேடினாள். தொண்ணூற்றொன்று. தொண்ணூற்றுநாலு. தொண்ணூறு. பதினொன்றில் ஒன்பது பேர் நல்ல குரலில் பேசிவிட்டுத்தான் போயிருக்கிறார்கள்.

படிவத்தில் அடித்த நான்கு எண்களையும் அழித்தாள். செம்பகத்தின் பதிவு உட்பட எல்லாவற்றையும் இணைத்தாள். வார்டுப் பதிவையும் இணைத்தாள். எப்படிப் போனீர்கள் என்ற கேள்விக்கு எதிரே, நான் போகவில்லை என்று எழுதி அனுப்பினாள்.

மறுநாள் காலை சுவாசினி கடைகளில் இல்லை. ஜெசிந்தா அப்படிக் கேட்கவில்லை. குரல் ஏறியவர்களுக்கு மட்டும் நிறுத்துங்கள், மற்றவர்களுக்குக் கண்காணிப்போடு கொடுங்கள், புதிதாக ஓர் ஆய்வு தொடங்குங்கள், நான் செய்ய வேண்டாம், வேறு யாராவது செய்யுங்கள் என்று பத்துப் பக்கம் எழுதியிருந்தாள். சல்லடைக்குச் சலிக்க மட்டும்தான் தெரியும். அதில் அந்த மாதிரிக் கட்டம் கிடையாது. அரசாங்கம் ஒரு குழு போட்டது. குழு கூடுவதற்கு மூன்று வாரம் ஆகும் என்றார்கள்.

வீட்டு வாசலில் ஆட்கள் வந்து நின்றார்கள். கல் ஒன்றும் விழவில்லை. அதைவிட மோசமாக, கெஞ்சினார்கள். சாத்தான்குளத்திலிருந்து வந்த ஒரு தாய் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க நின்றாள். ஜெசிந்தா எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னாள். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

“பொய்யா இருந்தா இருந்துட்டுப் போவுது டாக்டரம்மா. எம்மவன் அந்தப் பொய்யிலதான் பத்து வருசம் மூச்சு விட்டான். அத எங்களுக்குத் திருப்பிக் குடுங்க.”

ஜெசிந்தா அவளை உள்ளே அழைத்து, நாற்பதுக்குக் கீழே இறங்கினால் கையால் அமுக்கி மூச்சு கொடுக்கும் பையை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று கற்றுக்கொடுத்தாள். அதற்குப் பிறகு வந்தவர்களுக்கெல்லாம் கற்றுக்கொடுத்தாள். மாகாளி வந்து, கூடத்தில் பாய் விரித்து, அவர்களுடைய பெயர்களை எழுதிக்கொண்டார். இந்தமுறை நம்பர் போடவில்லை.

அருமைநாயகம் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஜெசிந்தா, மடியில் மூச்சுப்பை. அந்த நான்கு மேற்படியின் கதை முழுவதையும் அவரிடம் சொல்லியிருந்தாள். முதல் நாள் தொண்ணூற்றுமூன்றுதான். இரண்டாம் நாள் தொண்ணூறு. அவர் நன்றாகப் பேசப் பேச அவள் மூச்சுப்பையை இறுகப் பிடித்துக்கொண்டாள். தூங்கப் போனால் எழுப்பினாள். “பாடட்டுமா?” என்று கேட்டால் கையெடுத்துக் கும்பிட்டாள். மூன்றாம் நாள் விடிந்து வெயில் ஏறியபோது, அவர் கண்ணைத் திறந்து, “ஜெசி, தண்ணி” என்றார். கரகரவென்று, பழைய உடைந்த குரலில்.

அந்தக் கரகரப்பைக் கேட்டு அவள் அழுததுபோல் கல்யாணத்தன்று கூட அழுததில்லை.

பிறகு இறங்க ஆரம்பித்தது. ஐம்பத்தொன்பது. ஐம்பத்துமூன்று. ஐம்பது. ஒரு பள்ளிக்கூட நோட்டில் கோடு போட்டு, தேதி போட்டு, அவர் பேசக் கேட்டு, தினமும் எழுதினாள். நாற்பத்தேழு. நாற்பத்தாறு. கேட்டில் நின்ற தாயின் மகனுக்கு நாற்பத்தொன்று என்று மாகாளி சொன்னார். வேறு இரண்டு வீடுகளிலிருந்து போன் வருவது நின்றுபோயிருந்தது.

பன்னிரண்டாம் நாள் காலை, அவர் சொந்த ஊர் நாசரேத்து என்று சொல்லி முடிக்க இரண்டு மூச்சு தேவைப்பட்டது. ஜெசிந்தா போனைப் பார்த்தாள்.

“எத்தன?”

“நாப்பத்தாறு.”

“நேத்தும் அதான?” அவர் உதட்டோரம் லேசாகச் சிரிப்பு வந்தது. “மேற்படின்னு போடு.”

“மாட்டேன்” என்றாள். “இன்னொரு மட்டம் பேசுங்க.”

அவர் மூச்சைச் சேர்த்துக்கொண்டு மறுபடி தன் பெயரைச் சொன்னார். அவள் முழுக்கக் கேட்டாள். பிறகு அன்றைய தேதிக்கு நேரே, எழுத்திலும் எண்ணிலுமாக, நாற்பத்தாறு என்று எழுதினாள்.